மெர்சி சொன்னால் தட்டு நகர்ந்துவிடும்

போன இதழில் ஒரு வாசகர் “நீங்கள் சாப்பிட்டதிலேயே மறக்க முடியாத சாப்பாடு எது?” என்று கேட்டிருந்தார். 2003-இல் பிரான்சில் ஒரு கோடைக்காலச் சிறுவர் முகாமில் சமையற்கட்டு வேலை பார்த்ததையும், முகாம் முடிந்த பிறகு அங்கே தலைமைச் சமையல்காரியாக இருந்த அம்மாவின் வீட்டில் பத்து நாள் தங்கிச் சாப்பிட்டதையும் நாலு வரியில் பதிலாக எழுதினேன். அவ்வளவுதான், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. வழக்கமான கேள்விகளை (மாமியார் பேச மாட்டேன் என்கிறார், மாமியார் பேச்சை நிறுத்த மாட்டேன் என்கிறார்) அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க இதுதான்.

காரைக்கால் பக்கத்துப் பெண் பிரான்சுக்குப் பாத்திரம் கழுவப் போனது எப்படி? வீட்டில் எப்படி விட்டார்கள்? முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்க பயமாக இல்லையா?
— மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி

முதலில் பாஸ்போர்ட் கதை. காரைக்கால் 1954 நவம்பர் 1-ஆம் தேதியே இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டாலும் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அதற்குப் பிறகு ஆறு மாத அவகாசத்தில், விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். என் தாத்தா பட்டாளத்துக்காரர், பென்ஷன் அங்கிருந்து வருகிறது, வைத்துக்கொண்டார். அது அப்பாவுக்கு வந்து எனக்கும் வந்தது. கையில் அந்த நாட்டுப் பாஸ்போர்ட், ஆனால் அந்த நாட்டை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. பிரெஞ்சு எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறையில் போய்ப் பேசிப் பழகி வா என்று அப்பா சொன்னார். அம்மாதான் “போயும் போயும் எச்சில் தட்டு கழுவவா?” என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். அப்புறம் அவளே புளிக்காய்ச்சல் கிளறிப் பாட்டிலில் அடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

இந்த முகாமை அங்கே ‘கொலோ’ என்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் பட்டணத்துப் பிள்ளைகளை மலைக்கோ கடற்கரைக்கோ இரண்டு மூன்று வாரம் கூட்டிப்போகும் பழைய வழக்கம். எங்கள் முகாம் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ழூரா மலைப்பகுதியில். எண்பது பிள்ளைகள். என் வேலை ரொட்டி வெட்டுவது, மேஜை போடுவது, எடுப்பது, கழுவுவது. சாயங்காலம் நாலு மணிக்கு ஆளுக்கொரு துண்டு ரொட்டியும் அதன் நடுவே ஒரு சாக்லேட் கட்டியும் கொடுப்போம், அதற்கு அடிதடி நடக்கும். இன்னொரு வேடிக்கை: அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டறைகளில் வைக்கும் துராலெக்ஸ் கண்ணாடித் தம்ளரின் அடியில் ஒரு எண் அச்சாகியிருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்ததுமே தம்ளரைக் கவிழ்த்து “உனக்கு என்ன வயசு?” என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். எங்கள் முகாமில் சின்ன எண் வந்தவன்தான் எழுந்து போய்த் தண்ணீர்க் கூஜாவை நிரப்பி வர வேண்டும். அந்தத் தம்ளர்களைத் தினம் மூன்று வேளை கழுவியவள் நான், எந்தத் தம்ளரில் எந்த எண் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒரு குட்டிப் பையனுக்கு மட்டும் எப்போதும் பெரிய எண்ணாகப் பார்த்து வைத்தேன். இந்த ஊழலை இன்றுதான் முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறேன்.

சமையல்கார அம்மாவை மதாம் என்றே சொல்லிவிடுகிறேன், காரைக்காலில் வேறு எப்படிச் சொல்வோம். கடைசி நாள் பெரிய அண்டாவை நான் தேய்க்க, அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விமானத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, பாரீசில் ஏதாவது விடுதியில் தங்குவேன் என்றேன். “வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, வந்து இரு” என்றார். நான் நம் ஊர் மரியாதைப்படி “ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றேன். அவர் “சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த அண்டாவை எடுத்தார்.

சரியாம்! நம் பக்கம் என்றால் அங்கேதானே பேச்சே தொடங்கும்? இரண்டாவது தடவை கூப்பிடுவார் என்று ராத்திரி சாப்பாடு வரைக்கும் அவர் பின்னாலேயே சுற்றினேன். கூப்பிடவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. காலையில் வெட்கத்தை விட்டு “அந்த அறை இன்னும் சும்மாதான் கிடக்கிறதா?” என்று கேட்டேன். மதாம் காரில் என் பெட்டிக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கி வைத்திருந்தார். வருவதும் வராததும் என் இஷ்டம், வற்புறுத்தினால் அநாகரிகம் என்று நினைத்தாராம். பயமா என்று கேட்டீர்கள், மூன்று வாரம் ஒருவரோடு சேர்ந்து எண்பது பேருக்கு உருளைக்கிழங்கு உரித்த பிறகு என்ன பயம்.

வெள்ளைக்காரர்கள் விருந்தாளியைக் கவனிக்கத் தெரியாதவர்கள், “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ” என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள் என்று என் மாமா சொல்கிறார். உண்மையா?
— திருவாரூர்க் கல்லூரி மாணவர்

மாமா சொல்வதில் பாதி உண்மை. முதல் நாள் ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன்.

மேஜையில் கிராத்தான் தொஃபினுவா வந்தது. உருளைக்கிழங்கை வளையல் கனத்துக்குச் சீவி, பாலும் கிரீமும் பூண்டும் சேர்த்து ஓவனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவிட்டு, மேலே பொன்னிறத் தோல் கட்டியிருக்கும். ஒரு கரண்டி சாப்பிட்டதும் எனக்குக் கண் சொருகியது. மதாம் பாத்திரத்தைத் தூக்கி என் பக்கம் நீட்டி “இன்னும் கொஞ்சம்?” என்றார் (மாமாவிடம் சொல்லுங்கள், கேட்டார்!). நான் முகமெல்லாம் சிரிப்பாக “மெர்சி!” என்றேன். ‘நன்றி, போடுங்கள்’ என்ற அர்த்தத்தில். பாத்திரம் அப்படியே என் தலையைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டது. ஒருவர் எதையாவது நீட்டும்போது வெறுமனே ‘மெர்சி’ என்றால் அவர்கள் காதில் அது ‘வேண்டாம், நன்றி’ என்றுதான் விழும். வேண்டுமென்றால் ‘வுய்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ‘வொலோந்தியே’, அதாவது ‘சந்தோஷமா’ என்று. ஐந்து வருஷம் பிரெஞ்சு படித்தவள், இலக்கணத்தில் முதல் மார்க், உருளைக்கிழங்கில் கோட்டை விட்டேன்.

நம் பந்தியில் ‘வேண்டாம்’ என்பதை யார் காதில் வாங்குகிறார்கள்? இலைமேல் குறுக்கே கையை வைத்தாலும் விரல் இடுக்கில் ஊற்றிவிட்டுப் போவார்கள். மூன்றாவது ‘வேண்டாம்’தான் நிஜ வேண்டாம், அதற்கு முந்தைய இரண்டும் மரியாதைக்கு. அங்கே முதல் வேண்டாமே நிஜம். அவர்கள் நம் வார்த்தையை அப்படியே நம்புகிறார்கள். அதைக் கவனிப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டால் பட்டினிதான்.

கவனிப்பு வேறு இடத்தில் இருக்கிறது, அது புரிய எனக்கு மூன்று நாள் ஆனது. அவர்கள் உங்களுக்குத் தருவது நேரம். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால் நாலு மணிக்கு எழுந்திருப்பார்கள். முதலில் ஒரு சின்ன ஐட்டம், அப்புறம் முக்கியச் சாப்பாடு, அப்புறம் சீஸ், கடைசியில் இனிப்பு, அதற்கும் பிறகு காபி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே பேச்சு. டிவி இல்லை, யாரும் சமையற்கட்டிலேயே நின்று பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடுவதும் இல்லை. மதாம் எல்லோரோடும் உட்கார்ந்து, சூடாக, அவர் பங்கை அவர் சாப்பிட்டார். என் அம்மா அப்படி ஒரு நாளாவது சாப்பிட்டிருப்பாளா என்று நினைத்துக்கொண்டேன். 2010-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் இந்தக் கூடி உட்கார்ந்து சாப்பிடும் முறையைத்தான், தனியாக எந்தப் பலகாரத்தையும் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது என்னைப் போல மாட்டிக்கொள்ளக் கூடாது. வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து வார்த்தைக்கு வார்த்தை பிரெஞ்சில் போட்டு “ழே சுயி ப்ளேன்” என்றேன். மதாமின் கணவர் மாடு வளர்த்தவர். ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு “எந்த மாசம் கன்று?” என்று கேட்டார். நான் சொன்னதற்கு அங்கே ‘நான் சினையாயிருக்கிறேன்’ என்று அர்த்தமாம். பத்து நாளும் அந்த மனுஷர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கன்றுக்குட்டியை விசாரித்தார்.

சுத்த சைவம். அங்கே போனால் ரொட்டியும் வெண்ணெயும்தானா?
— கும்பகோணம் வாசகர்

நான் மீன் சாப்பிடுகிறவள், அதனால் பட்ட கஷ்டம் குறைவு. ஆனால் பார்த்ததைச் சொல்கிறேன். சைவம் என்று மட்டும் சொன்னால், குறிப்பாகக் கிராமத்தில், “மீன் உண்டுதானே?” என்பார்கள். “கறி இல்லை” என்றால் தட்டில் கறி இருக்காது, ஆனால் பன்றிக்கறியைப் பொடியாக நறுக்கிய ‘லார்தோன்’ சாலட்டிலும் சூப்பிலும் கிடக்கும், அதை அவர்கள் கறிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, நாம் பெருங்காயத்தைச் சொல்லாமல் விடுவது மாதிரி. மீன் இல்லை, கோழி இல்லை, லார்தோன் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிவிடுங்கள். அதையும் அழைப்பு வந்த அன்றே சொல்லுங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு சொல்வது சமைத்தவரைக் குத்துவது போல.

சீஸ் விஷயத்தில் மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்: பழைய முறைச் சீஸ்களில் பாலைத் திரிக்க, பால் குடிக்கும் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறையைத்தான் ஊற்றுகிறார்கள். அதை ஏற்பவரா இல்லையா என்பது உங்கள் முடிவு. மற்றபடி சாப்பிட நிறைய உண்டு. அந்தக் கிராத்தான் இருக்கிறது. கத்தரிக்காய், சுரைக்காய்க்குச் சொந்தக்காரனான ஒரு பச்சைக்காய், தக்காளி, குடமிளகாய் எல்லாம் ஆலிவ் எண்ணெயில் குழைந்த ரட்டத்தூயி இருக்கிறது, நம் கத்தரிக்காய்க் கொத்சுவுக்குத் தெற்குப் பிரான்சில் ஓர் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். தக்காளி அடை ஒன்று, அடியில் கடுகு விழுது தடவி ஓவனில் வைப்பது. பழ அடைகளுக்குக் கணக்கே இல்லை. இப்போது காலமும் மாறியிருக்கிறது, பள்ளிக்கூடக் கேன்டீன்களில் வாரம் ஒரு நாளாவது சைவச் சாப்பாடு போட வேண்டும் என்று 2019-இல் சோதனையாகத் தொடங்கியதை 2021-இல் நிரந்தரச் சட்டமாக்கிவிட்டார்கள்.

சீஸ் நாறும் என்கிறார்களே, எங்கள் ஊர்க் கருவாட்டை விடவா?
— நாகப்பட்டினம் வாசகி

போட்டி கடுமை, தங்கச்சி. கருவாடு தூரத்திலேயே தன் வரவைச் சொல்லிவிடும், சீஸ் வாய் அருகே வந்த பிறகுதான் வேலையைக் காட்டும்.

மூன்றாம் நாள் மதாமின் கணவர் என்னைச் சீஸ் பண்ணையைப் பார்க்கக் கூட்டிப்போனார். ழூராவில் அதற்குப் ‘ஃப்ருய்த்தியேர்’ என்று பேர், நம் ஊர்ப் பால் சொசைட்டி மாதிரிதான், சுற்றுவட்டத்து மாட்டுக்காரர்கள் எல்லோரும் பாலைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் ஊற்றிக் கூட்டாகச் சீஸ் போடுகிறார்கள். செம்புக் கொப்பரை, நம் கல்யாணச் சமையல் அண்டாவுக்குத் தாத்தா. காய்ச்சாத பச்சைப் பால்தான். ஏறத்தாழ 400 லிட்டர் பால் ஊற்றினால் 40 கிலோ எடையில் ஒரே ஒரு வட்டச் சீஸ் கிடைக்கும், கோந்த்தே என்று பேர். அதைக் குறைந்தது நாலு மாதம் நிலவறையில் தேவதாரு மாதிரி ஒரு மரப் பலகையில் கிடத்தி, உப்புத் தண்ணீர் தேய்த்து, புரட்டிப் புரட்டி வைக்கிறார்கள். நிலவறைக் கதவைத் திறந்ததும் நெடி கண்ணைக் கரித்தது, அமோனியா. உள்ளே சுவர் உயரத்துக்கு வரிசை வரிசையாகச் சீஸ், ஆள் அரவமே இல்லை. அங்கிருந்த பெரியவர் கையிலிருந்த சின்னக் கருவியின் பிடியால் ஒரு வட்டத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே விரிசல் இருந்தால் சத்தத்தில் தெரிந்துவிடுமாம். பாட்டி பலாப்பழத்தைத் தட்டிக் கேட்பது இப்படித்தான். நானும் தட்டினேன், ஒன்றும் விளங்கவில்லை, விளங்கியது போலத் தலையாட்டினேன்.

கோந்த்தே நாறாது, வறுத்த முந்திரி வாசம் வரும், அதில் தொடங்குங்கள். மோர்பியே என்று ஒன்று, நடுவில் கறுப்புக் கோடு ஓடும். சாயங்காலப் பாலில் பாதியைச் செய்து, பூச்சி அண்டாமல் இருக்கச் சாம்பல் தூவி, மறுநாள் காலைப் பாலில் மீதியைச் செய்து மூடிய காலத்தின் அடையாளம் அது. நெடிக்கு மன்ஸ்தேர் இருக்கிறது, உங்கள் நெஞ்சுரத்தை அங்கே சோதித்துக்கொள்ளலாம். தட்டு உங்களிடம் வரும்போது ஒன்று கவனியுங்கள், முக்கோணத் துண்டின் மூக்கை மட்டும் நறுக்கி எடுக்கக் கூடாது. நடுப்பாகம்தான் ருசி, அதை ஒருவரே எடுத்தால் மற்றவருக்குத் தோல்தான் மிஞ்சும். பொங்கலில் முந்திரியை மட்டும் பொறுக்குகிற ஆளை நமக்குத் தெரியும் இல்லையா, அதே குற்றம்.

காபி எப்படி? டிகிரி காபிக்குக் கிட்டவாவது வருமா?
— திருவையாறு

வராது. காலையில் காபி கிண்ணத்தில் வரும், பிடி இல்லாத, நம் குழம்புக் கிண்ணம் அளவில். வெண்ணெயும் ஜாமும் தடவிய ரொட்டியை அதில் முக்கி எடுத்துச் சாப்பிடுவார்கள், காபி மேலே வெண்ணெய் கண் கண்ணாக மிதக்கும். டீக்கடையில் பொறையை முக்குகிற எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பால் கேட்டால்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

என் மகன் இந்தக் கோடையில் பிரான்சில் முகாம் வேலைக்குப் போகிறான். முடிந்ததும் நண்பன் வீட்டில் ஒரு வாரம். என்ன கொடுத்தனுப்பலாம்? எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
— மயிலாடுதுறையிலிருந்து ஓர் அம்மா

பூ வாங்கிப் போனால் சாமந்தி மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். நமக்கு அது சாமிக்குப் போடுவது, அவர்களுக்கு நவம்பர் முதல் தேதி கல்லறைக்கு வைப்பது. பால்கோவா, நெய் வேண்டாம், வெளியிலிருந்து வரும் பயணி ஐரோப்பாவுக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக விடுவதில்லை. கடலைமிட்டாய் பரவாயில்லை. என்னைக் கேட்டால் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. நான் கொண்டுபோனது மதாம் வீட்டு அடுப்படி அலமாரியில் இருந்துகொண்டு, ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னது.

சாப்பாட்டுக்கு ஏழரைக்கு வரச் சொன்னால் பத்து நிமிஷம் பிந்திப் போகட்டும், முந்தி மட்டும் போகக் கூடாது. சாப்பிடும்போது நம் பழக்கத்தில் இடது கை மடிக்குப் போய்விடும், அங்கே இரண்டு கையும் மேஜைமேல் தெரிய வேண்டும். ரொட்டிக்குத் தனித் தட்டு தேடாமல் மேஜை விரிப்பின் மேலேயே வைக்கலாம், கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும், அந்த ஓர் இடத்தில் நம் கைக்கு விடுதலை. தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டால் வீட்டுச் சாப்பாட்டில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சமைத்தவருக்குச் சந்தோஷம்தான். ஒயின் வேண்டாம் என்றால் ஒரு தடவை சொன்னால் போதும், காரணமெல்லாம் கேட்க மாட்டார்கள். சாப்பிட்டு முடிந்ததும் தட்டுகளை எடுத்துக் கொடுக்கட்டும். வீட்டில் எடுக்கிறானா என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் அவர்களுக்கு ஏதாவது சமைத்துப் போட்டீர்களா?
— பாபநாசம் வாசகி

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. ஆடிப்பதினெட்டு. அந்த ஆகஸ்ட் பிரான்சுக்கு வந்த வெயிலை அங்கே யாரும் மறக்கவில்லை. அந்தச் சில வாரங்களில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். நான் இருந்தபோது அது தொடங்கிக்கொண்டிருந்தது, பகலெல்லாம் மரக் கதவுகளைச் சாத்தி இருட்டுக்குள் உட்கார்ந்திருப்போம், மதாம் தினம் பக்கத்து வீட்டுக் கிழவியை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். காலையில் வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா சொன்னாள், மேட்டூர் திறக்கவே இல்லை, ஆற்றில் வெறும் மணல், அடிபம்பில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து அதற்கே மஞ்சள், குங்குமம் வைத்துக் கும்பிட்டோம் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. மதாம் என்ன என்று கேட்டார், முடிந்தவரை விளக்கினேன். “இங்கே ஆற்றில் தண்ணீர் இருக்கிறதே” என்றார்.

சித்ரான்னம் செய்தேன். எலுமிச்சம்பழச் சாதத்துக்குக் கடுகு அவர்கள் ஊறுகாய்ச் சாமான் டப்பாவில் கிடைத்தது, கறிவேப்பிலைக்கு வழியில்லை. அம்மாவின் புளிக்காய்ச்சல் தீரும் தறுவாயில் இருந்தது, பாட்டிலில் சூடான சாதத்தைப் போட்டுக் குலுக்கி எடுத்தேன். அப்புறம் ஒரு பெரிய கிண்ணம் தயிர்சாதம். ஏன் என்ற ஆற்றங்கரைக்கு, ஆமாம், அந்த ஆற்றின் பேரே அதுதான், காரில் மடக்கு மேஜை, நாற்காலி, மேஜை விரிப்பு எல்லாம் கொண்டு போனார்கள். நான் ஒரு கை மஞ்சள் கரைத்துத் தண்ணீரில் விட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, தொப்பியை மட்டும் கழற்றினார்கள்.

ஆற்றங்கரையிலும் வரிசை தப்பவில்லை. முதலில் முலாம்பழம், அப்புறம் என் இரண்டு சாதமும், அப்புறம் சீஸ். தயிர்சாதத்தை மட்டும் காணோம். பார்த்தால், ஐஸ் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. பாலும் அரிசியும் சேர்ந்தால் அவர்கள் ஊரில் அது இனிப்பு, கடைசியில்தான் வர வேண்டும். வந்தது, சின்னக் கிண்ணங்களில், ஆளுக்கொரு ஸ்பூனோடு. முதல் வாய் எடுத்ததும் உப்பும் கடுகும் பட்டு எல்லோரும் ஒரு கணம் நிறுத்தினார்கள். மதாமின் மாமனார், எண்பது தாண்டியவர், சட்டைப் பையிலிருந்து சர்க்கரைக் கட்டி ஒன்றை எடுத்து உடைத்து மேலே தூவிக்கொண்டு, ஒரு பேச்சில்லாமல் வழித்துச் சாப்பிட்டார். வெயிலுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். இன்னும் கொஞ்சம் என்றேன். “மெர்சி” என்றார். எனக்குப் பிரெஞ்சு தெரியாதது போல இன்னொரு கரண்டி போட்டேன்.